அங்காளம்மனுக்கு அடுத்து அயர்ன் கடை

என் மூத்த பேரன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் டீம் லீடர். அவன் தம்பி பி.இ. முடித்துவிட்டுப் பெங்களூரில் இருக்கிறான். பேத்தி பல் டாக்டருக்குப் படிக்கிறாள், முதல் வருஷத்திலேயே மெடல் வாங்கினாள். கடைசிப் பேரன் பத்தாவதில் பள்ளிக்கூடத்திலேயே இரண்டாவது. முதலாவதாக வந்தவன் வாத்தியார் மகன், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இத்தனை பேரும் அன்று காலையில் குடும்பக் குரூப்பில் என் கொழுந்தனார் ஏகாம்பரம் இறந்த செய்தியைப் பார்த்திருக்கிறார்கள். பார்த்து ஆளுக்கொரு அழுகைப் பொம்மை போட்டிருக்கிறார்கள். விழுப்புரத்தில் பாட்டி ஒருத்தி இருக்கிறாள், அவளிடம் டச் போன் இல்லை என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

எனக்குச் சொன்னது அவர் மனைவி மல்லிகா. திண்டிவனத்திலிருந்து லேண்ட் லைனில் கூப்பிட்டாள். "அக்கா, அவரு போய்ட்டாருக்கா" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எங்க அண்ணன் கோடி எடுத்துக்கினு வருவாராக்கா?"

கணவன் போனால் பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை வர வேண்டும். வராவிட்டால் அவளுக்குப் பின்னால் ஆள் இல்லை என்று ஊர் பேசும். மல்லிகாவுக்கு இருப்பது ஒரே அண்ணன், காணையில் கரும்பு போடும் வீரமுத்து. அவர் தங்கை வீட்டு வாசலை மிதித்து நாலு வருஷம் ஆகிறது. சொத்துத் தகராறும் இல்லை, வாய்த் தகராறும் இல்லை. காரணம் ஏகாம்பரத்தின் போனில் இருந்த நோட்ஸ் ஆப்.

இந்த நினைவு மலரைப் படிக்கும் நீங்கள் அவரோடு ஆபீசில் வேலை பார்த்தவர்கள். விழுப்புரம் தனி மாவட்டமான வருஷம் அங்கே வந்து சேர்ந்து, ரிடையர் ஆகும்வரை ஃபைல் அடுக்கியவர். எந்த ஃபைலைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவார் என்று நீங்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த மனுஷனை அதற்குப் பிறகு நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மகள் ஒரு டச் போன் வாங்கிக் கொடுத்து இந்த ஆப்பையும் காட்டிக்கொடுத்தாள். மாத்திரை நேரம், மோட்டார் போடும் நேரம், சிலிண்டர் மாற்றிய நாள், எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள் எல்லாம் அதற்குள் போயிற்று. செய்து முடித்தால் பக்கத்தில் ஒரு டிக். குளித்தோமா இல்லையா என்று தலையைத் தொட்டால் தெரியாதா? அவர் போனைத்தான் தொடுவார்.

"எழுதி வெச்சிட்டா மூளை ஃப்ரீயா இருக்கும் அண்ணி" என்பார்.

"ஃப்ரீயாத்தான் இருக்குது தம்பி. வாடகைக்கு விட்டுடுங்க" என்பேன்.

சிரிப்பார். சிரித்துவிட்டு அதையும் எழுதிக்கொள்வார்.

ஒரு நாள் திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தார். அப்போது என் வீட்டுக்காரர் தவறிச் சில மாதம் ஆகியிருந்தது. வந்தவருக்கு மோர் கொடுத்துவிட்டு, "இன்னா விஷயமா வந்தீங்க?" என்றேன். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அது செத்துக் கிடந்தது. சார்ஜில் போடலாமென்றால் கரண்ட் இல்லை. அந்த வருஷங்களில் கரண்ட் எப்போது வரும் என்று மின்சாரக்காரர்களுக்கே தெரியாது.

"ஏதோ முக்கியம்னு போட்டு வெச்சேன் அண்ணி. இன்னான்னு ஞாபகம் வரல."

இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நான் மல்லாட்டை உரித்துக் கடலையைத் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தேன், அவரும் உரித்தார். கரண்ட் வந்து, போன் உயிர் பெற்று, அவர் தேடி எடுத்து எனக்குக் காட்டினார். 'அண்ணியைப் பார்த்துவிட்டு வர வேண்டும்' என்று இருந்தது. அவ்வளவுதான். "இதுக்கு ஒரு போனா?" என்று கேட்டேன். அவர் டிக் போட்டுவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

இதோடு நின்றிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். மகள் கல்யாணம் வந்தது. பத்திரிகை வைக்க வேண்டிய பெயர்களையெல்லாம் ஆப்பில் ஏற்றினார். யாரை விட்டுவிட்டோம், யாரைச் சேர்க்க வேண்டும் என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்யாணம் காதுகுத்து எதுவானாலும் இந்தக் குடும்பத்தில் என் வாயிலிருந்துதான் வரிசை வரும். நான் அஞ்சாவது வரைதான் படித்தவள், ஆனால் நூற்றுச் சொச்சம் வீடு என் தலைக்குள் இருக்கிறது, யார் வீட்டுக்குத் தட்டோடு போக வேண்டும், யாருக்குத் தபால் போதும் என்பது உட்பட. "எல்லாம் போன்ல ஏத்தியாச்சு அண்ணி, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

முதல் பத்திரிகை மேல்மலையனூரில் அங்காளம்மனுக்கு வைத்தார்கள். அடுத்தது பெண்ணின் தாய்மாமனுக்கு. இதற்குப் படிப்பே வேண்டாம், பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை நல்ல நாள், இருவரும் சேர்ந்து காணைக்குப் போகலாம் என்று மல்லிகா சொல்லியிருந்தாள். நடுவில் மூன்று நாள் இருந்தது. சும்மா இருப்பானேன் என்று இவர் போனைத் திறந்தார். போன் பெயர்களை அகரவரிசையில் அடுக்கி வைத்திருந்தது. அங்காளம்மனுக்கு அடுத்து அயர்ன் கடை. தெருமுனையில்தான் கடை. மஞ்சள் தடவிய கவரை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு டிக் போட்டுவிட்டார்.

மறுநாள் வீரமுத்து மல்லாட்டை மூட்டையோடு திண்டிவனம் மண்டிக்கு வந்தவர், தங்கையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அந்தத் தெருவுக்குள் நுழைந்திருக்கிறார். அயர்ன் கடைச் சாமி படத்துக்குக் கீழே தான் தூக்கி வளர்த்த தங்கை மகளின் பத்திரிகை. கடைக்காரர் நல்ல மனுஷர். "சாமிக்கு அடுத்து நமக்குத்தான் வெச்சார் சார்" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். வீரமுத்து தங்கை வீட்டுக்குப் போகாமல் அப்படியே திரும்பிவிட்டார். வெள்ளிக்கிழமை இவர்கள் கொண்டுபோய் வைத்த பத்திரிகையை வாங்கிக்கொண்டார், கல்யாணத்துக்கும் வந்தார். தாய்மாமன் செய்ய வேண்டியதை ஒன்று குறையாமல் செய்தார். பந்தியில் உட்காராமல், கை நனைக்காமல், பஸ் ஏறினார்.

ஒன்றை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. மேல்மலையனூரிலிருந்து திரும்பிய அன்று ஏகாம்பரம் எனக்குப் போன் செய்தார். "சாமிக்கு வெச்சாச்சு. அடுத்து யாரு அண்ணி?" என்று கேட்டார். "என்னை எதுக்குக் கேக்கறீங்க? உங்க போன்லதான் எல்லாம் இருக்குதே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். 'காணை' என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறகு நாலு வருஷம் மல்லிகா பிறந்த வீடு இல்லாமல் பொங்கல் வைத்தாள்.

ஆகையால் அவர் போன அன்று மல்லிகாவின் போனை வைத்ததும் நான் வேறு யாருக்கும் சொல்லவில்லை. காணை நம்பரைப் போட்டேன். அதைப் பார்க்க எனக்கு எந்த நோட்டும் வேண்டியதில்லை. விஷயத்தைச் சொன்னேன்.

"அயர்ன் கடைக்குச் சொல்லியாச்சாக்கா?" என்றார் வீரமுத்து.

"இல்ல தம்பி. நான் பெத்த புள்ளைக்குக்கூட இன்னும் சொல்லல. உனக்குத்தான் மொதல்ல."

"ஜவுளிக் கடை தொறக்கட்டும்" என்றார். "கோடி எடுத்துக்கினு வர்றேன். மல்லிகாவ அழ வேணாம்னு சொல்லுங்க."

நான் திண்டிவனம் போய்ச் சேர்ந்தபோது பொடிசுகள் எல்லாம் ஒரு மூலையில் கூடி அவர் போனை வைத்துக்கொண்டிருந்தார்கள். யார் யாருக்குச் சொல்வது என்பது அதற்குள் இருக்கிறதாம், பூட்டு திறக்கவில்லையாம். என் பேரன், டீம் லீடர், கோடு கோடாக இழுத்துப் பார்த்தான். போன் இன்னும் இறுக்கிப் பூட்டிக்கொண்டது. "எழுதிக்கோடா" என்று நான் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். உச்சி வெயிலுக்குள் வீரமுத்து வந்தார். நாலு வருஷத்துக்குப் பிறகு அந்த வாசலை மிதித்தார், கையில் புடவையோடு. மல்லிகா அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு போன் கடையில் பூட்டைத் திறந்து கொடுத்தார்கள். 'எனக்கு அப்புறம்' என்று ஒரு பக்கம் இருந்தது. பெயர்களுக்கு முன்னால் நம்பர் போட்டிருந்தார். நம்பர் போட்டால் போன் வரிசையைக் கலைக்காது என்பதை அதற்குள் கண்டுபிடித்திருக்கிறார். ஒன்று, காணை மச்சான். அயர்ன் கடை ஆகக் கடைசி. அதற்கும் கீழே, 'விட்டுப்போனதை அண்ணியிடம் கேட்கவும்.'

இவ்வளவு தெரிந்த மனுஷர் நேரில் காணைக்கு ஒரு நடை போயிருக்கலாம். எழுதி வைத்துவிட்டால் செய்த மாதிரி ஆகிவிடும் என்ற நினைப்பு. அந்த ஆப்பை விட்டுத்தள்ளுங்கள், அதன் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை வரவில்லை. போனை எனக்கே தருவதாகச் சொன்னார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது "அடுத்து யாரு அண்ணி?" என்ற கேள்வி ஒன்றுதான். இப்போது யார் என்னை எது கேட்டாலும், எந்தக் கோபத்தில் இருந்தாலும், சொல்லிவிடுகிறேன்.

உங்களிடம் ஒரு உதவி. கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தில் அவர் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கடைசி ஆறு வருஷத்தில் எடுத்த எல்லாப் படத்திலும் அப்படித்தான். மாலை போட்டாலும் நிமிர மாட்டேன் என்கிறார். அவர் முகம் தெரிகிற வேறு படம் வேண்டும். போனில் அனுப்ப வேண்டாம், கழுவிய படமாகத் தபாலில் போடுங்கள். அவர் ரிடையர் ஆன அன்று ஆபீஸ் வாசலில் உங்களில் மூன்று பேர் படம் எடுத்தீர்கள். யார் யார் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது.