பன்னிரண்டு வாசல்

கள்ளக்குறிச்சியில் கடைகளுக்கு போர்டு எழுதிக்கொண்டிருந்தவன் நான். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடுபிடித்த வருஷத்தில்தான் என்னை நம்பி ஒருவர் படம் வரையச் சொன்னார். கல்வராயன் மலையடிவாரத்துச் சர்ச்சின் ஃபாதர். திருவிழாவுக்குத் தொங்கவிட காடாத் துணியில் ஒரு படம். பார்த்து வரைய ஒரு புத்தகமும் கொடுத்தார். ஆயிரம் வருஷத்துக்கு முன் ஸ்பெயின் நாட்டுத் துறவிகள் தோல் ஏடுகளில் வரைந்த உலக முடிவுப் படங்கள். ஏழுதலை மிருகம், நான்கு குதிரைக்காரர்கள், கடைசியில் பன்னிரண்டு வாசல் வைத்த புது நகரம். வானத்தை மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று பட்டை பட்டையாக அடித்திருந்தார்கள். மேகம் வரையத் தெரியாத எனக்கு அது பெரிய வசதி. அப்படியே அடித்தேன்.

அங்கேதான் வந்தது வினை. பட்டை பட்டையாக நிறம் இருந்தால் அது கொடி என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத்தான் தோன்றவில்லை.

திருவிழாவுக்கு முந்தின நாள் துணியைச் சுருட்டி, பெயிண்ட் டப்பாவோடு சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். கச்சிராயபாளையம் ரோட்டில் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டுப் போராட்டக்காரர்கள் நின்றார்கள். ஒருவர் சுருளின் முனையை விரித்தார்.

"எந்தக் கட்சிக் கொடி இது? எங்க எட்த்துக்கினு போற?"

"கொடி இல்லீங்க. சர்ச்சு படம். உலகம் அழியற படம்."

"கொளுத்துங்கடா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ஒரு மாத உழைப்பு, நான் வரைந்த ஒரே படம். அழாத குறையாக முழுத் துணியையும் மரத்தின் மேல் விரித்துக் காட்டினேன்.

தலையில் துண்டு கட்டிய ஒருவர் குனிந்து பார்த்தார். படையெடுப்பு, சண்டை, பஞ்சம், சாவு என்று ஒவ்வொரு குதிரையாகச் சொன்னேன். "அதெல்லாம் பாத்தாச்சு" என்று கையை ஆட்டிவிட்டு, படத்தின் கடைசியில் இருந்த நகரத்துக்கு வந்தார்.

"இது இன்னா ஊரு?"

"எல்லாம் அழிஞ்சப்புறம் வர்ற ஊருங்க."

"வாசல் பன்னெண்டு இருக்குதே. இதுல நமக்கு எத்தினி?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"கணக்குக் கெடையாதுங்க. எல்லா வாசலும் எல்லாருக்கும். மூடறதே இல்லன்னு வேதத்துல போட்டிருக்குது."

"எல்லா எடத்துலயும் அப்படித்தான் சொல்றான். என் புள்ள போய் நின்னா மட்டும் மூடிக்குது."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவரே துணியைச் சுருட்டிக் கட்டி, இரண்டு பேரைக் கூப்பிட்டு சைக்கிளை மரத்துக்கு அந்தப் பக்கம் தூக்கி வைக்கச் சொன்னார்.

சர்ச்சுக்குப் போனதும் பெயிண்ட் டப்பாவைத் திறந்தேன். ஒரு வாசலில், அந்தத் துண்டு கட்டியவர் தன் மகன் தோளில் கைபோட்டபடி உள்ளே நுழைவதுபோல வரைந்தேன். ஃபாதர் புத்தகத்தையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவங்க ரெண்டு பேரும் புத்தகத்துல இல்லையே?"

"வழியில சேந்துக்கினாங்க, ஃபாதர்."

அவர் படத்தை மாட்ட ஏணியைக் கொண்டுவரச் சொன்னார்.