பியானோவை நிறுத்தச் சொன்னேன்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு சித்திரை மாதப் பகல். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் என் மனைவிக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். அவ்வளவு நேரமும் அங்கே ஸ்பீக்கரில் ஒரே ஆளின் பியானோ இசை ஓடும். தியானம், மன அமைதி என்று சொல்லி இப்போது வருகிறதே, அந்த ரகம்.

நான் பத்து வருடம் வயலின் கற்றவன். அந்த இசையைக் கேட்டாலே எரிச்சல் வரும். இடது கை அதே நாலு சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டும். வலது கை எதையோ ஆரம்பித்து முடிக்காமல் விட்டுவிடும். ‘இதையும் இசை என்று விற்கிறானே!’ என்று ஒவ்வொரு முறையும் மனைவியிடம் பொருமுவேன். அவள் கண்ணை மூடிப் படுத்திருப்பாள்.

அன்று சரியான இடம் கிடைக்காமல் அவள் கையில் மூன்று முறை ஊசி குத்தினார்கள். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரத்தை யார் மேல் காட்டுவது? நர்ஸிடம் கத்தினேன். “முதல்ல அந்த எழவ அணைம்மா! மனுசன் இங்க இருக்கதா வேண்டாமா?”

அந்தப் பெண் போய் அணைத்தாள்.

அப்போதுதான் இயந்திரங்களின் உறுமல் கேட்டது. எங்கோ ஒரு அலாரம் விடாமல் அடித்தது. பக்கத்துப் படுக்கையில் ஒரு அம்மா. வயல் வேலை செய்தவர், சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருபவர். தலையைத் திருப்பி, “ஏன் அண்ணாச்சி நிறுத்தச் சொன்னிய? அது ஓடுனா நம்ம ரத்தம் சுத்துத சத்தம் கேக்காது. இப்பம் பயமா இருக்கு” என்றார்.

ஆதரவுக்கு மனைவியைப் பார்த்தேன்.

“எனக்கும் அது வேணும். புடிக்கும்னு சொன்னா நீங்க ஏசுவியன்னுதான் வாயத் தொறக்கல” என்றாள்.

ஆறு மாதமாக அப்படியே இருந்திருக்கிறாள்.

நர்ஸிடம் மன்னிப்புக் கேட்டு மறுபடி போடச் சொன்னேன். அன்றுதான் காது கொடுத்துக் கேட்டேன். ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே தாராளமாக இடம் விட்டிருந்தார் அந்தக் கலைஞர். எங்கேயும் வித்தை காட்டவில்லை. என் மனைவியின் மூச்சு மெல்லச் சீரானது. இன்றும் அதைப் பெரிய இசை என்று சொல்ல மாட்டேன். ஆனால், எனக்குப் பயந்து இத்தனை வருடத்தில் வேறு எதையெல்லாம் பிடிக்கும் என்று சொல்லாமலே விட்டாளோ என்று நினைத்தால், என் மேலேயே எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வருகிறது.