குதிரைச் சேணம் தைத்தவரின் எள்ளுப்பேரன்

"உங்கள் குடும்பத்தில் வட ஐரோப்பியர் யாராவது உண்டா?" என்று அந்த டாக்டரம்மா கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜெர்மனியில், எர்லாங்கன் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியின் கல்லீரல் பிரிவில் என் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் இரண்டு பேரையும் பார்க்கிற யாருக்கும் அந்தக் கேள்வி தோன்றாது. நான் நல்ல கறுப்பு. தம்பி அந்தச் சில மாதங்களில் என்னையும் மிஞ்சியிருந்தான். சாம்பல் பூசினாற்போல ஒரு கறுப்பு.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. தம்பியின் ரத்தத்தில் இரும்புச்சத்து தாறுமாறாக ஏறியிருக்கிறது என்றார். சிலருக்கு உடம்பு தேவைக்கு மேல் இரும்பை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அது கல்லீரலிலும் மூட்டிலும் போய்ப் படியும், சர்க்கரை நோயைக்கூடக் கொண்டுவரும். பரம்பரை வியாதி. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அடிக்கடி வருவது, இந்தியர்களுக்கு அபூர்வம். அதனால்தான் குடும்ப டாக்டர் அதை யோசிக்கவே இல்லை போலிருக்கிறது.

அந்தக் குடும்ப டாக்டர் யோசித்தது ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு தடவையும் ஒரு நாளைக்கு எத்தனை பீர் என்று கேட்பார். இல்லை என்று தம்பி சொன்னால், சரி சரி என்பதுபோலத் தலையாட்டிக்கொண்டு எதையோ எழுதிக்கொள்வார். கம்பெனி விருந்துகளில்கூட ஆப்பிள் ஜூஸில் சோடா கலந்து குடித்துவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்புகிற பிள்ளை அவன்.

"இது வருவதற்கு அம்மா வழி, அப்பா வழி இரண்டிலும் இருக்க வேண்டும்" என்றார் டாக்டரம்மா.

"வாய்ப்பே இல்லை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சொந்தத்துக்குள்தான் கல்யாணம். என் அப்பா என் அம்மாவுக்குத் தாய்மாமன்" என்றான் தம்பி.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியானால் எப்போதோ ஒரே ஒருவர் வெளியிலிருந்து கொண்டுவந்திருந்தாலும் போதும். அது உங்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்" என்றார்.

திங்கட்கிழமை கல்லீரலில் ஊசி விட்டுத் துணுக்கு எடுத்துச் சோதிப்பதாக ஏற்பாடாகியிருந்தது. தம்பிக்கு ரத்தம் சீக்கிரம் உறைவதில்லை, அதனால் அந்த ஊசியே ஆபத்து என்பதை அவர் மறைக்கவில்லை. முன்னோர் பற்றி உறுதியாக ஏதாவது தெரிந்தால் ஊசியை நிறுத்திவிட்டு மரபணுவை முதலில் பார்க்கலாம், விசாரித்துச் சொல்லுங்கள் என்றார். அன்று வெள்ளிக்கிழமை.

நான் மியூனிக்கில் வேலை பார்க்கிறவள், கல்யாண வயதில் ஒரு மகள் இருக்கிறாள். தம்பிக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து வார இறுதியில் ரயிலேறி வந்துவிடுவேன். கோயம்புத்தூரிலிருந்து அம்மா மூன்று மாத விசாவில் வந்து அவன் வீட்டில் இருந்தார். நாங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் முருங்கைக்கீரை வாசம் மூக்கில் ஏறியது. பிள்ளைக்கு ரத்தமே இல்லை என்று அம்மா முடிவு கட்டியிருந்தார். பெட்டி நிறைய முருங்கை இலைப் பொடி, பேரீச்சம்பழம், கனமான ஓர் இரும்பு வாணலி. போதாததற்கு இங்கே மருந்துக்கடையில் விற்கிற இரும்பு டானிக் வேறு. வந்த நாளிலிருந்து வேளை தவறாமல் ஊட்டிக்கொண்டிருந்தார்.

நான் டானிக் பாட்டிலை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தேன்.

"காசு போட்டு வாங்குனது புள்ள! கிறுக்குப் புடிச்சிருச்சா உனக்கு?" என்று அம்மா கத்தினார்.

"இரும்பு கூடிப்போய்த்தான்மா அவன் சாகக் கிடக்கிறான்!"

சொல்லியிருக்கக் கூடாது. எனக்கு வாய் எப்போதுமே அறிவுக்கு முன்னால் ஓடும். அம்மா கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார். அந்த அமைதியில்தான் தம்பியின் மனைவியைக் கவனித்தேன். அடுப்படி மூலையில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவன் ஆபீசுக்கு எடுத்துப்போகிற தண்ணீர் பாட்டிலைத் திறந்து முகர்ந்துகொண்டிருந்தாள்.

அவளைக் குறை சொல்ல முடியவில்லை. எங்கள் அப்பாவும் இப்படித்தான் போனார். வயிறு வீங்கி, கறுத்து, கல்லீரல் கெட்டு. ஒளித்துவைத்துக் குடித்தே செத்தான் என்று ஊர் சொன்னது, சொந்தம் சொன்னது. அம்மா மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை. அப்பன் புத்தி பிள்ளைக்கு என்று அம்மாவே மருமகளிடம் சொல்லியிருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"இல்ல அண்ணி, சும்மா பார்த்தேன்" என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது.

சனிக்கிழமை காலையில் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். நம் குடும்பத்தில் வெள்ளைக்காரன் யாராவது உண்டா என்று நேராகவே கேட்டேன். கேட்பதற்குக் காரணம் என் தம்பி முகத்திலேயே இருந்தது. அப்பாவைப் போலவே அவனுக்கும் பூனைக்கண். பள்ளிக்கூடத்தில் அவனைப் பூனை என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அது மலையாளத்துப் பக்கம்" என்றார் அம்மா.

"மலையாளத்துப் பக்கம் யாரு?"

"யாரோ ஒருத்தங்க. இப்ப என்னத்துக்கு அது?"

என்னத்துக்கு என்று மூச்சு விடாமல் விளக்கினேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தார். வேறு வழியில்லாமல் ஊருக்குப் போன் போட ஆரம்பித்தேன். அப்பா வழியில் ஒரு பெரியவர், கலெக்டர் ஒருவர் இருந்ததாகக் கேள்வி என்றார். ஒன்றுவிட்ட அத்தை, கலெக்டர் இல்லை, தேயிலை எஸ்டேட் துரை என்றார். இன்னொருவர் அவரைப் பாலம் கட்டிய என்ஜினியர் ஆக்கினார். ஆளுக்கொரு பதவி உயர்வு கொடுத்தார்களே தவிர, அவர் நிஜமா என்று கேட்டால், "அப்படித்தான் சொல்லுவாங்க" என்று எல்லோரும் நழுவினார்கள். டாக்டரம்மாவிடம் இந்தக் கதைகளையா கொண்டுபோவது? எரிச்சலில் போனை சோபாவில் விட்டெறிந்தேன்.

"உன் மகளுக்கு வரன் பார்க்கற நேரத்துல ஊரெல்லாம் போன் போட்டு இதையா கேப்பாங்க?" என்றார் அம்மா. ஆக, ஏதோ இருக்கிறது. அது மட்டும் உறுதியாயிற்று. அதற்குமேல் அம்மாவின் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அன்று இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பி ஆஸ்பத்திரிக்குப் பை எடுத்துவைத்தான். விரல் முட்டியெல்லாம் வீங்கி, சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் தடுமாறினான். அம்மா போட்டுவிடப் போனார். பக்கத்தில் போனவர் அவன் வாயருகே லேசாக மூச்சை இழுத்தார். நான் பார்த்தேன். அவனும் பார்த்துவிட்டான்.

"நான் குடிக்கலைம்மா" என்றான். கோபமே இல்லை அவன் குரலில். "யாரு நம்பலைன்னாலும் பரவால்ல. நீயாவது நம்பும்மா."

அம்மாவின் கை பொத்தானிலேயே நின்றது. யாரோ கூப்பிட்டதுபோல ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"கலெக்டரும் இல்ல, துரையும் இல்ல. சேணம் தைக்கறவன். குன்னூர் மலையில பட்டாளத்துக் குதிரைக்குச் சேணமும் வாரும் தைக்க இங்கிலாந்துலேர்ந்து வந்தவன். எங்க அம்மாவுக்குக் கொள்ளுத் தாத்தன். உங்கப்பாவுக்கும் அதே முறைதான்."

"இதை நேத்தே சொல்றதுக்கு என்னம்மா?"

"வெள்ளைக்காரன்னு சொல்லறதுக்கு என்ன வெக்கம்? அதைச் சொன்னா என்ன வேலை பண்ணுனான்னு கேப்பாங்கல்ல. தோலு தைச்சவன் வீடுன்னு தெரிஞ்சா எவன் நம்ம வீட்டுல கை நனைப்பான்?"

மற்றதெல்லாம் தானாக வந்தது. நம் பெண் ஒருத்தியோடு அவர் குடும்பம் நடத்தினார். ஒரு மகன், ஒரு மகள். அவர் காலத்துக்குப் பிறகு அந்த வீட்டில் பெண் கொடுக்கவும் ஆளில்லை, எடுக்கவும் ஆளில்லை. அதனால் மகன் வயிற்றுப் பேத்தியை மகள் வயிற்றுப் பேரனுக்கே கட்டினார்கள். குன்னூரை விட்டுக் கீழே இறங்கி, பெயரையும் பேச்சையும் மாற்றிக்கொண்டார்கள். விஷயம் வெளியே போய்விடக் கூடாதே என்று அதற்குப் பிறகும் சொந்தத்துக்குள்ளேயே முடிச்சுப் போட்டார்கள். அப்பாவுக்கு அக்கா மகளைக் கட்டிவைத்ததும் அந்தப் பயத்தில்தான்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சீமையிலிருந்து வந்து கையால் உழைத்துச் சாப்பிட்ட ஒரு மனிதர். அவர் தொட்ட தோலுக்கு வெட்கப்பட்டு, அவர் கொண்டுவந்த வியாதியை மூன்று தலைமுறை பெட்டிக்குள் பூட்டிப் பாதுகாத்திருக்கிறோம். பெட்டி என்பது நாங்கள்தான். இதை அம்மாவிடம் சொல்லவும் செய்தேன்.

திங்கட்கிழமை டாக்டரம்மா நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். சேணத் தொழிலாளி என்றதும் அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அவருக்கு அது ஒரு தொழில், அவ்வளவுதான். தாத்தா பாட்டி யார் யாருக்கு என்ன உறவு என்று வட்டமும் கோடுமாக வரைந்து பார்த்தார், ஊசியைத் தள்ளிவைத்தார், தம்பியிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு மரபணுச் சோதனைக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார்.

முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் நான் யாரிடமும் ஒழுங்காகப் பேசவில்லை. அதுவும் இல்லை என்று வந்தால் மறுபடியும் ஊசி, மறுபடியும் எத்தனை பீர். முடிவு வந்தது. அம்மா வழியிலிருந்து ஒன்று, அப்பா வழியிலிருந்து ஒன்று, கோளாறான மரபணுக்கள் இரண்டும் இருந்தன. கல்லீரல் நிறையக் கெட்டிருக்கிறது, ஆனால் கைமீறிப் போகவில்லை என்றார் டாக்டரம்மா. நானும் சோதனை செய்துகொள்ள வேண்டுமாம். வைத்தியத்தைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள். வாராவாரம் ஒரு பை ரத்தத்தை எடுத்துக் கொட்டிவிட வேண்டும். அவ்வளவுதான். தம்பியின் மனைவி அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அழுதாள்.

முதல் தடவை ரத்தம் எடுத்தபோது அம்மாவும் வந்திருந்தார். சாய்வு நாற்காலியில் தம்பி கண்ணை மூடிக்கொண்டிருந்தான். குழாய் வழியாகப் பை நிறைவதையே அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமாவுக்கும் இதேதானா?" என்று கேட்டார். அப்பாவை அம்மா அப்படித்தான் சொல்வார்.

எந்த டாக்டராலும் இனிமேல் அப்பாவைச் சோதிக்க முடியாது. ஆனாலும் எனக்குச் சந்தேகமில்லை. "ஆமாம்மா" என்றேன்.

"அப்ப அவுங்க குடிக்கல."

"குடிக்கலை."

அம்மா என்னிடம் இல்லை, அந்தப் பையிடம் சொல்வதுபோலச் சொன்னார். "பாட்டிலைத் தேடி அரிசிப் பானைக்குள்ள எல்லாம் கைவிட்டுப் பார்த்தேன். ஒண்ணுகூடக் கெடைக்கல. அப்பவும் நம்பல. கடைசியில, நீயாவது நம்புடின்னாரு. கேட்டுக்கிட்டே எந்திரிச்சு வெளியில போயிட்டேன்."

அம்மா என் ஆறுதலை எதிர்பார்க்கவில்லை. என் கையைத் தட்டி, ஊரில் சித்தப்பாவுக்குப் போன் போட்டுக் கொடுக்கச் சொன்னார். சாவு வீட்டில் குடிகாரன் என்று முதலில் வாய் திறந்தவர் அவர்தான். மணி அடித்தது. எடுத்தார்.

"ஏனுங்க, நாந்தான். நம்ம தாத்தங்களுக்கு மேல ஒருத்தரு இங்கிலாந்துக்காரரு. தோலு தைச்சவரு. அதை எல்லார்கிட்டயும் சொல்லுங்க. சொல்லிட்டு உங்க பசங்களைக் கூட்டிட்டுப் போயி ரத்தம் பாருங்க. உங்க அண்ணன் குடிக்கலைங்க."

அந்தப் பக்கம் சித்தப்பா ஏதோ தயங்கித் தயங்கிப் பேசினார். அவர் போய் இத்தனை வருஷம் ஆச்சு, இனிமேல் இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது என்பது மட்டும் என் காதில் விழுந்தது.

"அவருகிட்டச் சொல்ல முடியலீங்களே" என்றார் அம்மா. "அதனாலதான் உங்ககிட்டச் சொல்றேன்." போனை அப்படியே காதில் வைத்துக்கொண்டு, சின்னக் குழந்தை மாதிரி உரக்க அழுதார்.