பேரைக் கேட்டு வாங்கிய ஃபைஜா

வில்லியனூரில் மளிகைக்கடை வைத்திருக்கும் மைதீன் பிச்சையின் மகள் ஃபைஜா, நர்சிங் படித்து முடித்த கையோடு மூலக்குளத்துப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த அன்றே அவளுக்குப் பேர் இல்லாமல் போனது. மூத்த நர்ஸ் செல்வகுமாரிக்கு அவள் வெறும் ‘புதுசு’.

“ஏ புதுசு, ஊசி புடிக்கவாவது தெரியுமா, இல்ல அதையும் நானே சொல்லித் தரணுமா?” என்று நோயாளிகள் காதுபடக் கேட்பாள். செல்வகுமாரி கெட்டவள் இல்லை. அவள் வேலைக்கு வந்த காலத்தில் அவளையும் அப்படித்தான் விரட்டினார்கள். வார்டு என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தாள்.

மாசம் முடிந்ததும் நின்றுவிடப் போவதாக ஃபைஜா தாய் பாத்திமுத்துவிடம் சொல்லிவிட்டாள். அன்று தொழுகையில் ஏந்திய கையை இறக்கத் தாய்க்கு வெகு நேரம் ஆனது.

குருவிநத்தத்துக் கரும்பு விவசாயி குழந்தைவேல், காலில் சர்க்கரைப் புண்ணோடு வார்டில் படுத்திருந்தார். ஃபைஜா ஊசியோடு போனால் கையை உள்ளே இழுத்துக்கொள்வார்.

“நீ புதுசாமே. கோச்சிக்காத பாப்பா. அந்தம்மாவை வரச் சொல்லு.”

அவரைப் பார்த்து மற்றக் கட்டில்காரர்களும் அதையே சொல்ல ஆரம்பித்தார்கள். ஊசியெல்லாம் செல்வகுமாரி தலையில் விழுந்தது. அந்தக் கோபமும் ஃபைஜா மேலேயே திரும்பியது.

ஒருநாள் மத்தியானம் செல்வகுமாரி சோற்றில் கை வைத்த நேரம், குழந்தைவேல் மறுபடி கூப்பிட்டனுப்பினார். டப்பாவை மூடிவிட்டுத் திட்டிக்கொண்டே எழுந்தாள். ஃபைஜா அவளை மருந்து அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். மனசுக்குள் பிஸ்மி சொல்லிக்கொண்டாள்.

“அக்கா, நான் தப்பு பண்ணா இங்க கூட்டியாந்து திட்டுங்க, கேட்டுக்கறேன். அவங்க முன்னாடி என்னை ஃபைஜான்னு கூப்புடுங்க. நீங்களே நம்பாத கையை அவங்க எப்பிடி நம்புவாங்க? நீங்க ஒரு வாய் சோறு சாப்புட முடியாம ஓடறது அதனாலதான்.”

செல்வகுமாரி மருந்துத் தட்டை நேராக்கி வைத்தாள்.

“இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?”

“சொல்ற மாதிரியா வச்சிருந்தீங்க?”

செல்வகுமாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஃபைஜாவைக் கூட்டிக்கொண்டு நேரே குழந்தைவேல் கட்டிலுக்குப் போனாள்.

“இவங்க ஃபைஜா சிஸ்டர். நாளைக்கு எனக்கே ஜுரம் வந்தாலும் இவங்க கையாலதான் ஊசி போட்டுக்குவேன்.”

அவர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கையை நீட்டினார். “போட்டாச்சா?” என்று அவர் கேட்டபோது ஃபைஜா ஊசி போட்டு முடித்துப் பஞ்சையும் எடுத்துவிட்டிருந்தாள். செல்வகுமாரி திரும்பிப் போய், ஆறிய சோற்றை உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள்.

தலைமை நர்ஸ் உஷாராணி வார்டில் நடந்ததைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்; மருந்து அறையில் பேசியதைச் செல்வகுமாரியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். புதிதாக வருகிறவரைக் கட்டில் கட்டிலாகக் கூட்டிப்போய்ப் பேர் சொல்ல வேண்டும், கண்டிப்பதென்றால் மருந்து அறைக்குள்தான் என்று வார்டுக்கே வழக்கமாக்கிவிட்டார். ஃபைஜா வேலையை விட்டு நிற்கவில்லை.

இந்த வருஷம் அர்ச்சனா என்ற பெண் வந்து சேர்ந்தாள். அவள் கையைப் பிடித்து அழைத்துப்போனது செல்வகுமாரிதான்.

“புதுசாம்மா?” என்று ஒரு பெரியவர் கேட்டார்.

“அர்ச்சனா சிஸ்டர்,” என்றாள் செல்வகுமாரி, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி.

பக்கத்துக் கட்டிலில் ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்த ஃபைஜா, அல்ஹம்துலில்லாஹ் என்று இறைவனுக்கு நன்றி சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.