கதைக்குத் தேவைதானா சார்?

காஸ்ட்யூம் அக்காவின் இடது தோளில் எப்போதும் ஒரு தடித்த பூத்துண்டு கிடக்கும். டைரக்டர் ‘கட்’ என்று சொல்லி வாயை மூடுவதற்குள் அது நடிகையின் மேல் போர்த்தப்பட்டிருக்கும். அக்கா கடலூர்ப் பக்கத்து மீனவர் குப்பத்துக்காரர். சிதம்பரத்துக்குக் கிழக்கே, உப்பங்கழி ஓரம் நடந்த ஒரு படப்பிடிப்பில்தான் பழக்கம். நான் அதில் வசனகர்த்தா. என் பெயர் திரையில் வந்த முதல் படம். கடைசிப் படமும் அதுவே.

கடலுக்குப் போன கணவன் திரும்பவில்லை என்று செய்தி வருகிறது. மனைவி மழையில் நனைந்து வீடு வந்து சேலை மாற்றுகிறாள். நான் எழுதியது இந்த ஒரு வரிதான். டைரக்டர் அதை இரண்டு நிமிடமாக்கினார். சேலையை மாற்றக்கூட வேண்டாம், அவிழ்த்தால் போதும் என்றார்.

மனைவியாக நடித்தவருக்கு இருபத்தாறு வயது. என்னைத் தனியே கூப்பிட்டு, “கதைக்குத் தேவைதானா சார்? நீங்க இல்லன்னு சொன்னா நானும் முடியாதுன்னு சொல்லிடுவேன்” என்றார். தேவையில்லை என்று எனக்குத் தெரியும். அப்படிச் சொன்னால் மறுநாள் வேறு வசனகர்த்தா வந்து இறங்குவார் என்பதும் தெரியும். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, துக்கத்தில் உடம்பு வெறும் கூடு என்று பத்து நிமிடம் பேசினேன். நானே நம்பும்படி இருந்தது. அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அக்கா பக்கத்தில்தான் நின்றிருந்தார். “ஏன் சார், எங்க குப்பத்துல அப்படி ஒரு சேதி வந்தா பொம்பளைய தனியா வுடுவாங்களா? வூடே நெறஞ்சிடும். சேலை மாத்தி வுடுறதே நாங்கதான். அவ கதவ சாத்திக்கிட்டு எங்க தனியா நிக்கிறது?”

“சினிமாதானே அக்கா.”

“அப்ப சினிமான்னு சொல்லுங்க. கதைன்னு ஏன் அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்க?”

படம் ஓடவில்லை. அந்த இரண்டு நிமிடம் மட்டும் இன்னும் ஓடுகிறது, கைப்பேசி கைப்பேசியாக.

போன வாரம் சிதம்பரத்தில் ஒரு கல்லூரிக் கருத்தரங்கு. திரைப்படத்தில் நிர்வாணம் கதைக்குத் தேவையா என்று பேச, அனுபவசாலி என்று என்னை அழைத்திருந்தார்கள். முந்தைய நாள் அக்காவுக்குப் போன் செய்தேன். கடலூரில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டேன்.

“நடிப்ப அப்பவே வுட்டுடுச்சி சார். பொண்ணு பாக்க வர்றவங்க அதப் பாத்துட்டுத்தான் வர்றாங்களாம்.”

“என்னப் பத்தி ஏதாவது சொல்லுமா?”

தையல் மெஷின் சத்தம் நின்றது. “ரைட்டர் சார் நல்லா பேசுவாருன்னு சொல்லும்.”

மறுநாள் கல்லூரியில், தேவையே இல்லை என்று நாற்பது நிமிடம் பேசினேன். நல்ல கைதட்டல்.