படைத்த புக்கையில் ஒரு பிடி

டஸ்ட்டி என்ற நாய் வரும்வரை கிரவீன் புறநகரிலிருந்த அந்த வீட்டில் ஒரு மீன்தொட்டிகூட இருந்ததில்லை. யோகாவுக்கு நாய் என்றால் கேற்றுக்கு வெளியே நிற்க வேண்டிய பிராணி. இதுவோ சமைக்கும் குசினிவரை வந்தது. கதிரைக்குக் கீழே படுத்தது. தன் காவி நிற மயிரை வீடெங்கும் உதிர்த்தது. சாமியறை வாசலில் அவள் ஒரு பலகையைக் குறுக்கே வைத்தாள். வெள்ளிக்கிழமைகளில் வீட்டை இரண்டு தடவை துடைத்தாள். நாயை எடுத்துவந்த காப்பகத்துப் படிவத்தில், பகலில் நாயைப் பார்த்துக்கொள்பவர் யார் என்ற இடத்தில் அவளைக் கேட்காமலே அவள் பெயரை எழுதிவிட்டிருந்தார் கணவர் மகேந்திரராஜா.

"உமக்கு நாயோடை கோவமில்லை, என்னோடைதான் கோவம்," என்று அவர் சீண்டினார்.

"ரெண்டு பேரோடையும்தான். அது குரைக்குது, நீங்கள் குறட்டை விடுறியள்."

ஆனாலும் அவளால் நாய் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. ஒரே மகள் மிருணாளினி, பத்தொன்பது வயதுப் பெண், பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டுவிட்டு அறைக்குள் அடைந்து கிடந்தாள். சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துவிட்டுத் தாய் திரும்பிவர வேண்டும். மருந்தும் ஆலோசனையும் மாதக்கணக்காக நடந்தன. அந்த நாட்களில் அவள் வாய்திறந்து கேட்டது ஒன்றே ஒன்று, ஒரு நாய். டஸ்ட்டி வந்த பிறகு காலையில் கதவு திறந்தது. அதைக் கூட்டிக்கொண்டு அவள் தெருவில் நடந்தாள். மெல்ல மெல்லத் திரும்பவும் வகுப்புக்குப் போகத் தொடங்கினாள்.

அப்படியிருந்தும், துவைத்துக் காயப்போட்ட பட்டுச்சேலையை நாய் இழுத்துக் கிழித்த நாளில் யோகா தன்னை மறந்து கத்திவிட்டாள். "இது துலைஞ்சாத்தான் எனக்கு நிம்மதி!" மகள் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நாயை அழைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழன் மாலை, பின்வளவிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. யோகா யன்னலால் எட்டிப் பார்த்தாள். புல்தரையில் மல்லாந்து கிடந்த மிருணாளினியின் முகத்தை நாய் நக்க, அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஏழு மாதம் கேட்காத சிரிப்பு! யோகா குசினிச் சுவரில் சாய்ந்து நின்று அழுதாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கணவர் வேலைக்கும் மகள் வகுப்புக்கும் போன பிறகு, அவள் அரிசியும் சர்க்கரையும் இட்டுச் சர்க்கரைப் புக்கை பொங்கிச் சாமிக்குப் படைத்தாள். கற்பூரம் காட்டித் திரும்பியபோது பலகைக்கு அப்பால் டஸ்ட்டி உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. தன் பிள்ளையைத் திருப்பித் தந்த சீவனுக்கு என்ன கொடுப்பது என்று அவள் நெஞ்சு உருகியது. அவர்கள் வீட்டில் பிளம்ஸ் என்று சொல்லும் உலர்திராட்சையைப் புக்கையிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஒரு பிடிப் புக்கையின்மேல் குவித்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். அது மிச்சமில்லாமல் தின்றுவிட்டு அவள் விரல்களை நக்கியது.

மூன்று மணிக்கு மகள் வந்தபோது நாய் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. ஐந்து மணிக்கு மூவரும் மிருக வைத்தியரின் முன்னால் நின்றார்கள். வைத்தியரான அந்த இளம்பெண் நிதானமாகக் கேட்டாள்: சொக்லேட் தின்றதா, எலிமருந்து, வெங்காயம், உலர்திராட்சை? திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தையே அழித்துவிடும் என்றும், காரணம் தெரிந்தால் உடனே வைத்தியத்தைத் தொடங்கலாம் என்றும் சொன்னாள்.

"நாங்கள் அதுக்கு ஒண்டும் குடுக்கிறேல்லையே," என்ற மிருணாளினி தாயின் பக்கம் திரும்பினாள். "அம்மா?"

"இல்லை," என்றாள் யோகா. யோசிக்கும் முன்பே அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்துவிட்டது.

வெளியே கிடந்த நீள வாங்கில் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால், மேசையில் கிடந்த நாயின் கழுத்தில் மகள் முகத்தைப் புதைத்திருந்தாள். அதற்கு மேல் யோகாவால் இருக்க முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"பிள்ளை, நான்தான் குடுத்தனான். காலமை, படைச்ச புக்கை. பிளம்ஸ் எல்லாம் பொறுக்கி அதுக்குத்தான் வைச்சனான்."

மிருணாளினியின் முகம் வெளிறியது. "இது துலையோணும் எண்டு சொன்னனீங்கள்."

"ஓம், சொன்னனான். ஆனா இண்டைக்கு ஆசையிலைதான் குடுத்தனான்."

"அப்ப ஏன் இல்லையெண்டனீங்கள்?"

"நீ இப்பிடிக் கேப்பாய் எண்டு பயந்துதான்."

மகள் வைத்தியரிடம் திரும்பி ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். சில நிமிடங்களில் நாயின் காலில் சேலைன் ஏறியது. அதை அங்கேயே வைத்திருந்து பார்ப்பதாகச் சொன்னார்கள்.

சனியும் ஞாயிறும் மகள் தாயோடு பேசவில்லை. வெஸ்ட்மீடில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் யோகாவுக்கு வார இறுதி வேலை. எந்த நோயாளி எதைச் சாப்பிடக் கூடாது என்று அட்டையைப் பார்த்துத் தட்டுகளை அனுப்புவாள். பதினொரு வருடத்தில் ஒரு தட்டும் தவறியதில்லை. அந்த இரண்டு நாளும் ஒவ்வோர் அட்டையையும் மூன்று தடவை வாசித்தாள். எழுத்துகள் கண்ணீரில் கலங்கின.

திங்கட்கிழமை இரத்தப் பரிசோதனையில் சற்று முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் நாய் சாப்பிட மறுத்தது. சாப்பிடாவிட்டால் தேறாது என்றார்கள். தரையில் உட்கார்ந்து மிருணாளினி அவித்த கோழியை நீட்டினாள். டஸ்ட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது. மகேந்திரராஜா கெஞ்சிப் பார்த்தார். அதற்கும் அசையவில்லை. யோகா வாசலைத் தாண்டாமல் நின்றாள்.

மகள் கோழி இருந்த கோப்பையை வாசல் பக்கம் நகர்த்தினாள். பிறகு நிமிராமல் சொன்னாள்.

"அம்மா, நீங்கள் குடுத்துப் பாருங்கோ."

"வேண்டாம் பிள்ளை. என்ரை கையாலை வேண்டாம்."

மிருணாளினி சுவரோரமாக நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டாள். யோகா வந்து உட்கார்ந்தாள். கோழியை எடுத்து நீட்டினாள். நாய் அந்தக் கையை முகர்ந்து முகர்ந்து பார்த்தது. பின்பு ஒரு சிறு துண்டை எடுத்து மெல்லத் தொடங்கியது.

யோகா அடுத்த துண்டை எடுத்தாள். பக்கத்தில் மகளின் தோள் அவள் தோளில் முட்டிக்கொண்டிருந்தது. மகள் அதை விலக்கவில்லை.