அமெரிக்காவிடம் அனுமதி கேட்ட கழிப்பறை

புதுப்பட்டினத்தில் எனக்கு ஒரு துணிக்கடையும் கடன் முடியாத ஒரு வீடும் உண்டு. வீட்டுக் கடன் கொடுத்த நிறுவனத்திடமிருந்து போன வருடம் ஒரு கடிதம் வந்தது. என் கடனை இன்னும் நிறையப் பேருடைய கடன்களோடு சேர்த்துக் கட்டி ஒரு டிரஸ்டுக்கு விற்றுவிட்டார்களாம். அந்த டிரஸ்ட் அதைப் பத்திரங்களாக்கி யார் யாருக்கோ விற்றிருக்கிறதாம். நான் தவணையை மட்டும் வழக்கம்போலக் கட்டி வந்தால் போதுமாம். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஒரு வார்த்தை கேட்காமல் விற்க என் கடன் என்ன கத்தரிக்காயா?

என் மனைவிக்குக் கோபம் வரவில்லை, பயம் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து பதினாறு வருடம் வாடகை வீடுகளில் அல்லாடியவள் அவள். ஒரு வீட்டுக்காரர் சுவரில் இருந்த ஆணிகளை எண்ணி, அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார். இன்னொருவர் மிக்ஸி சத்தம் தாங்கவில்லை என்று காலி பண்ணச் சொன்னார். கடிதத்தை நான் படித்து முடித்ததும் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“இப்ப ஓனரு யாருங்க?”

“நாமதான், வேற யாரு?”

“வித்துட்டாங்கன்னு இப்பதானே படிச்சீங்க?”

மறுநாள் சுவரிலிருந்த ஆணிகளையெல்லாம் பிடுங்கிவிட்டாள். கடிகாரம் ஃபிரிட்ஜ் மேல் மல்லாக்கப் படுத்துக்கொண்டு மணி காட்டியது. என் முழங்கால் வலிக்காக வெஸ்டர்ன் டாய்லெட் வைக்க ஒரு கொத்தனாரை வரச் சொல்லியிருந்தேன். அவரை வாசலிலேயே மடக்கி, “ஓனரக் கேக்காம தரைய ஒடைக்கக் கூடாது மேஸ்திரி, அப்புறமா சொல்லி அனுப்பறோம்” என்று திருப்பி அனுப்பிவிட்டாள். உட்கார்ந்து எழ முடியாமல் குழாயைப் பிடித்துத் தொங்குகிறவன் நான்! கத்து கத்தென்று கத்தினேன். அவள் அசையவில்லை.

கடையில் பேப்பர் படித்த நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அமெரிக்காவின் மத்திய வங்கி அந்த ஊர் வீட்டுக் கடன்களைக் கட்டிய பத்திரங்களை மலைமலையாக வாங்கி வைத்திருக்கிறது என்று போட்டிருந்தது. வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். ‘அந்த ஊர்’ என்ற பாதி அவள் காதில் ஏறவே இல்லை.

“யா அல்லா! அமெரிக்காகாரன் கையிலயா போயிடுச்சு?” என்றவள், வீடு முழுக்க ஒட்டடை அடித்துக் கழுவி விட்டாள். அவர்கள் திடுதிப்பென்று வந்து பார்த்தால் மானம் போய்விடுமாம். என் கழிப்பறைக்கு அனுமதி கேட்டுக் கடிதம் எழுதும்வரை எனக்குச் சோறு ஒழுங்காக விழவில்லை. அமெரிக்கா விலாசத்துக்கு நான் எங்கே போவேன், கடன் கொடுத்த நிறுவனத்துக்கே எழுதித் தொலைத்தேன். பத்து நாளில் அவர்களுடைய செங்கல்பட்டுக் கிளையிலிருந்து பதில் வந்தது. வீட்டைப் புதுப்பிக்க நான் காட்டும் ஆர்வத்துக்கு நன்றியாம், எனக்குக் கூடுதல் கடன் தரத் தயாராம்.

“பாத்தீங்களா, செய்யலாம்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல” என்றாள். உள்ளே போய் ஒரு குண்டானை எடுத்துச் சாக்குக்குள் வைத்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் அத்தனை நாளும் சமையல்கட்டில் பாதி மூட்டை கட்டியே வைத்திருந்தாள்.

எங்கள் தெருவுக்குத் தினமும் குப்பத்திலிருந்து ஒரு அக்கா மீன் கொண்டுவருவார். மறுநாள் வாசலில் உட்கார்ந்து சங்கராவுக்குச் செதில் எடுத்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தார்.

“இன்னாம்மா, செவுரெல்லாம் மொட்டையா கீது?”

என் மனைவி மூக்கைச் சிந்திக்கொண்டே மொத்தக் கதையையும் சொன்னாள். அந்த அக்கா கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“இதுக்கா அழுதுகினு கீற? எங்க மீன் புடிக்கிற போட்டுக்கு, கரையில மீன ஏலம் வுடறவன் முன்பணம் குட்த்துக்கிறான். போட்டு எங்களுது. இனிமே மாட்டப் போற மீனுதான் அவனுக்கு. அந்தப் பாத்தியதைய அவன் இன்னொருத்தனுக்கு வித்துட்டா, போட்டயா தூக்கினு பூடுவான்? பாய் சம்பாரிச்சுக் கட்டப் போற காசத்தான் வாங்கிக்கிறாங்கோ. வூடு வூட்டோட கீது. காசு நின்னாதான் வூட்டு மேல கைய வெப்பானுங்க.”

என் மனைவி முந்தானையில் மூக்கைத் துடைத்தாள். “அப்ப வித்தது வூட்ட இல்லியா? இவரத்தானா?”

“பின்ன?”

“அல்ஹம்துலில்லாஹ்!” என்று அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள். அத்தனையும் சந்தோஷக் கண்ணீர். அடிப்பாவி! ஆளையே விற்றுவிட்டார்கள் என்றால், அதற்கு ஆண்டவனுக்கு நன்றி சொல்கிறாள். ஆனாலும் அவள் முகம் தெளிந்ததைப் பார்த்ததும் எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

மறுநாளே கடிகாரம் சுவரேறியது, மேஸ்திரி வந்து கழிப்பறைத் தரையை உடைத்தார். அன்றிலிருந்து என் பாடு வேறு மாதிரி ஆகிவிட்டது. கடைக்குக் கிளம்பினால் ஹெல்மெட்டைக் கையில் திணிக்கிறாள். பிரியாணியில் எனக்கு மட்டும் நெய் கிடையாது. ஒரு தடவை இருமினால் போதும், ஓடி வந்து நெஞ்சைத் தடவுகிறாள். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு கவனிப்பை நான் கண்டதில்லை. தவணை இன்னும் பதினோரு வருடம் இருக்கிறது.

போன வாரம் என் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டேவிட்டேன். “கடன் முடிஞ்சப்புறமும் இப்டியே பாத்துப்பியா?”

“மொதல்ல முடிங்க” என்றாள்.